பொந்துக்குள் வந்த காவல் குரல்

மேகம் வந்து தங்கிவிட்டுப் போகிற ஒரு மலைச்சரிவில், காட்டுக்கு நடுவே, வானத்தைத் தொடுவதுபோல் ஓர் அயினி மரம் நின்றது. அதன் உச்சியில் ஒரு பொந்து. அந்தப் பொந்துக்குள் பொன்னலகி என்ற இருவாச்சிப் பறவை அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை பொந்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். மண்ணையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலைப் பூசி அடைத்துவிடும். அலகு நுழைகிற அளவுக்கு நெடுக்காக ஒரே ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். பிறகு தன் இறகுகளை உதிர்த்து அவற்றையே பிள்ளைக்கு மெத்தையாக்கும். குஞ்சு வளரும் வரை தாயால் பறக்கவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. ஆண் பறவைதான் காடெல்லாம் சுற்றிப் பழம் கொண்டுவந்து கீறல் வழியாக ஊட்டும்.

பொன்னலகியின் கணவன் பெயர் குன்றன். அவன் வருவது தூரத்திலேயே தெரிந்துவிடும். அவன் சிறகடிக்கும் ஓசை, அடுத்த மலையில் பெய்கிற மழை நம் பக்கம் நகர்ந்து வருவதுபோல இருக்கும். வந்து உட்கார்ந்து, தொண்டையில் சேர்த்து வைத்திருந்த அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து அவள் அலகில் வைப்பான். அவள் தின்பாள். கொட்டையைக் கீறல் வழியாகக் கீழே துப்புவாள். ஊர்க்கதை இரண்டு பேசுவார்கள். அவன் மறுபடி கிளம்பிப் போவான்.

அந்த இருட்டு அவளுக்குப் பிடித்திருந்தது. காலையில் கீறல் வழியாக ஒரு துண்டு வெளிச்சம் உள்ளே வரும். சின்ன மீன் ஒன்று நீந்துவதுபோல அது சுவரில் மெல்ல நகரும். முட்டைமேல் ஒரு கணம் தங்கும். அந்த நேரத்தில் பொன்னலகி கண்ணை மூடி, "ஆண்டவா, இன்றைய பொழுதும் உன் கையில்" என்பாள். பிறகு அரைத்தூக்கம். மரத்துக்குள் நீர் ஏறுகிற மெல்லிய சத்தம். வெளியே மேகம் இலைகளில் சொட்டுகிற சத்தம். தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று அவளுக்கே தெரியாது.

எதையும் பார்க்க முடியாததால் அவளுக்குக் குரல்தான் முகம். இது குரங்கு, இது மான், இது மரங்கொத்தி என்று காதாலேயே எல்லோரையும் அறிவாள். கேட்கிற குரலை அவள் சந்தேகப்பட்டதே இல்லை.

மேல் கிளையில் சடைவாலி என்ற மலை அணில் குடியிருந்தாள். வாய் ஓயாதவள். "அக்கா, நீ துப்புற கொட்டை என் தங்கச்சி மண்டையில விழுந்துச்சாம். உன்னைக் கேட்கச் சொன்னா" என்று வம்புக்கு இழுப்பாள். "உன் தங்கச்சியைத் தள்ளி நிக்கச் சொல்லுடி" என்பாள் பொன்னலகி. இப்படியே பொழுது போகும்.

ஒருநாள் குன்றன் பழம் தேடிக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கீறலுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது. கனத்த குரல். யானை பிளிறுவதை அடக்கிப் பேசினால் எப்படி இருக்குமோ அப்படி.

"அயினி மரத்துப் பொந்து. இருவாச்சி. பேர் பொன்னலகி. சரிதானே?"

அவள் திடுக்கிட்டாள். "ஆமாங்கய்யா. நீங்க யாரு?"

"காவல் யானைக் கூட்டத்திலிருந்து பேசுறேன். என் பேர் கொம்பன் திண்ணன். உன்மேல நாற்பத்தேழாம் நம்பர் வழக்கு பதிவாகியிருக்கு."

அந்தக் காட்டில் காவல் யானைகளுடையது. நீர்க்குட்டையில் சண்டை வந்தாலும், தீ பிடித்தாலும் அவைதான் வந்து நிற்கும். அதனால் யானை என்ற பெயரைக் கேட்டதுமே பொன்னலகி முட்டையை இன்னும் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். குரலுக்குப் பின்னால் வேறு சத்தங்களும் கேட்டன. ஒரு மான் பதறிக் கத்தியது. ஒரு குரங்கு கெஞ்சியது. யாரோ யாரையோ அதட்டினார்கள். பெரிய விசாரணைக் கூடம் ஒன்று பக்கத்திலேயே நடப்பதுபோல் இருந்தது.

அந்தக் குரல் விவரமாகச் சொன்னது. காட்டில் காவல் நாவல் என்று ஒரு மரம் உண்டாம். யானைகளுக்கென்றே விட்டது. அதன் பழத்தை வேறு யாரும் தொடக் கூடாது. ஆனால் பொன்னலகியின் பொந்துக்கு நேர் கீழே காவல் நாவலின் கொட்டைகள் மூன்று கிடக்கின்றன. ஒன்று முளைத்தும் விட்டது. ஆகவே குன்றன் திருடன். பொன்னலகி திருட்டுப் பழம் தின்றவள்.

"ஐயா, அவரு அப்படிப்பட்டவரு இல்லை."

"அப்போ கொட்டை தானா நடந்து வந்துச்சா? உன் வாசலுக்குக் கீழே கிடக்கு. உன் எச்சில் பட்ட கொட்டை. நீ துப்பலைன்னு சத்தியம் பண்ணுவியா?"

பொன்னலகி யோசித்துப் பார்த்தாள். எத்தனையோ நூறு கொட்டை துப்பியிருக்கிறாள். இருட்டில் வாங்கி இருட்டில் தின்றவள். எது எந்த மரத்துக் கொட்டை என்று யாரால் சொல்ல முடியும்? கீழே எட்டிப் பார்க்கவும் வழியில்லை. ஒருவேளை இருக்குமோ என்று ஒரு சின்னச் சந்தேகம் அவளுக்குள் விழுந்தது. அது போதுமானதாக இருந்தது.

அழுதாள். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். குரல் கொஞ்சம் இளகியது. நீ நல்லவளாகத் தெரிகிறாய், உனக்கு உதவத்தான் பார்க்கிறேன் என்றது. ஆனால் இது ரகசிய விசாரணை. முடிகிற வரை அவள் காவலில் இருப்பதாகத்தான் கணக்கு. அலகின் நுனி எந்நேரமும் கீறலில் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். தூங்கக் கூடாது. யாரிடமும் பேசக் கூடாது.

"குன்றன்கிட்டயுமா?"

"அவன்கிட்டத்தான் முக்கியமா பேசக் கூடாது. கூட்டாளிகள் யாருன்னு பார்க்க அவனைச் சுத்த விட்டிருக்கோம். நீ ஒரு வார்த்தை சொன்னா அவன் ஓடுவான். ஓடினா எங்க ஆளுங்க குத்திப் போட்டிருவாங்க. அப்புறம் உன்னிஷ்டம்."

"சடைவாலிகிட்ட?"

"உன்மேல புகார் கொடுத்ததே யாருன்னு நினைக்கிறே?" என்றது குரல்.

அன்று மதியம் குன்றன் வந்தான். பொன்னலகி பழத்தை வாங்கிக்கொண்டாள். பேசவில்லை.

"என்ன பொன்னு, பழம் புளிச்சுதா?" என்று கேட்டான். பதில் இல்லை. போய், அவளுக்குப் பிடித்த காட்டுச் சாதிக்காய் கொண்டுவந்தான். பதில் இல்லை. மறுபடி போய், பளபளவென்று ஒரு பெரிய வண்டு பிடித்துவந்தான். அதற்கும் பதில் இல்லை. குன்றன் கிளையில் இப்படியும் அப்படியும் நடந்தான். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"சரி, தப்புதான். முந்தாநாள் ஓடையோரம் கொஞ்சம் கண்ணயர்ந்துட்டேன். பழம் லேட்டாயிருச்சு. அது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். அன்று அலகைக் கீறலிலேயே வைத்துக்கொண்டு, உள்ளே கண்ணீர் வடித்தாள். இவரையா திருடன் என்கிறார்கள்?

மேலே சடைவாலியும் கூப்பிட்டுப் பார்த்தாள். இரண்டு தடவை, மூன்று தடவை. "ஓகோ, பெரிய இடமாயிட்டே போலிருக்கு. இனிமே உன் வாசலுக்கு நான் ஏன் வரேன்?" என்று சொல்லிவிட்டு வாலை உதறிக்கொண்டு போய்விட்டாள். எல்லாம் நடிப்பு என்று நினைத்துக்கொண்டாள் பொன்னலகி. நினைக்கும்போதே நெஞ்சு வலித்தது.

மறுநாள் குரல் மறுபடி வந்தது. இன்னொரு கட்டளை போட்டது. விசாரணைக்காக வாசலை உள்ளேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உடைக்க வேண்டும். ஒரு கை நுழையும் அளவுக்குப் போதும்.

அந்தச் சுவரை வெளியேயிருந்து யாரும் உடைக்க முடியாது. காய்ந்து பாறையாகி நிற்பது. யாராவது சுரண்டினால் உள்ளேயிருந்து அலகு வந்து குத்தும். பிள்ளைக்கு இருக்கிற ஒரே காப்பு அது. அதைத் தன் அலகாலேயே கொத்துவதா?

"சட்டத்துக்கு ஒத்துழைக்காதவங்களுக்கு நாங்க பொறுப்பில்லை. குன்றன் இப்போ அத்திமரத்துல இருக்கான். எங்க ஆளுங்க கீழேதான் நிக்கிறாங்க" என்றது குரல்.

அவள் கொத்தினாள். ஒரு சில்லு விழுந்தது. இன்னொரு சில்லு. அவள் எத்தனை நாள் பார்த்துப் பார்த்துப் பூசிய மண் அது. தூக்கமில்லாத கண்ணுக்குக் கனவும் நனவும் கலந்துபோயின. பொந்தின் சுவர் புகையைப் போல விலகியது. கீழே தான் துப்பிய கொட்டைகளெல்லாம் முளைத்து, வளர்ந்து, பெரிய மரங்களாகி, கிளைகளைக் கைபோல நீட்டி, இவள்தான் இவள்தான் என்று தன்னைக் காட்டுவதுபோல் இருந்தது. அந்த மரங்களுக்கு நடுவே மேகம் படகுபோல் மிதந்து போயிற்று. படகில் முட்டை மட்டும் தனியாக இருந்தது. அவள் கூப்பிட்டாள். குரல் எழும்பவில்லை. பேசக் கூடாதே!

திடுக்கிட்டு விழித்தபோது வயிற்றுக்கடியில் ஏதோ அசைந்தது.

முட்டை பொரிந்திருந்தது. ஒரு துளி உயிர். கண் திறக்கவில்லை. உடம்பில் ஒரு மயிர் இல்லை. இளஞ்சிவப்பாக, ஈரமாக, கழுத்தைத் தூக்கத் தெரியாமல் தூக்கி, "கீ" என்றது. வெளிச்ச மீன் சுவரிலிருந்து இறங்கி அதன் முதுகில் வந்து படுத்துக்கொண்டது. பொன்னலகி எல்லாவற்றையும் மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழச்சாற்றை நுனி அலகால் தொட்டு வைத்தாள். அது குடித்தது. உடனே மறுபடி வாயைத் திறந்தது.

வெளியே குரல் கேட்டது. "குஞ்சு வந்தாச்சு போலிருக்கே."

அவள் பிள்ளையைத் தன் மார்புக்கடியில் இழுத்துக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சு. திருட்டுப் பழத்தைத் தின்னு அடைகாத்த பிள்ளை. அது வயித்துல காவல் நாவல் இருக்கான்னு பரிசோதிக்கணும். ஓட்டை வழியா வெளியே கொடு. சுத்தமா இருந்தா வழக்கை முடிச்சு, பிள்ளையையும் திருப்பிக் கொடுத்திருவோம்."

"ஐயா, இப்பத்தான் பிறந்திருக்கு. நானும் கூட வரேனே."

"சட்டத்துல இடமில்லை."

"எப்பத் திருப்பித் தருவீங்க?"

"நாளை சாயங்காலம். இன்னைக்கு வெயில் இந்த மரத்தைத் தாண்டுறதுக்குள்ள பிள்ளையை வாங்க ஆள் வரும். தயாரா வை."

"அதுவரைக்கும் யாரு ஊட்டுவா?"

"ஊட்டுறதா? ஒரு நாள்தானே? அதுக்குள்ள அதுக்கு என்ன பசிச்சிரப் போகுது?"

குரல் போய்விட்டது. பொன்னலகி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பிறந்து ஒரு நாழிகைகூட ஆகவில்லை. அதற்குள் அந்தப் பிள்ளை எத்தனை முறை வாயைத் திறந்துவிட்டது! ஒரு நாளாம், பசிக்காதாம். பிள்ளை வளர்க்கிற கூட்டத்தில் இப்படிப் பேச யாராவது இருப்பார்களா? யானைகள் இந்த மரத்துக்குக் கீழே எத்தனையோ முறை போயிருக்கின்றன. குட்டி பால் குடிக்க நின்றால் முழுக் கூட்டமும் அசையாமல் நிற்பதை அவளே காதால் கேட்டிருக்கிறாள். அவர்களா தாயைவிட்டுப் பச்சைக் குழந்தையைப் பிரித்துக் கொடு என்பார்கள்?

ஆனாலும் பயம் விடவில்லை. ஒருவேளை உண்மையாக இருந்து, தன் பிடிவாதத்தால் குன்றன் குத்துப்பட்டால்? ஒரு பக்கம் கணவன். ஒரு பக்கம் பிள்ளை. நடுவில் அவள்.

கண்ணை மூடினாள். "ஆண்டவா, எனக்குச் சட்டம் தெரியாது. இந்தப் பொந்துதான் எனக்குத் தெரிஞ்ச உலகம். நான் என்ன பண்ணணும்னு சொல்லு" என்று வாய்விட்டுக் கேட்டாள்.

அப்படிக் கேட்டபோதுதான், அந்தக் குரலுக்கு அஞ்சிப் பதில் சொன்னதைத் தவிர, இரண்டு நாளுக்குப் பிறகு தன் குரலையே அவள் முதன்முதலாகக் கேட்டாள். யாரோ வேற்றாள் பேசுவதுபோல் இருந்தது. ஏன் இத்தனை நேரம் பேசாமல் இருந்தோம்? யார் பேசக் கூடாது என்றது? நல்ல காரியத்தை யாராவது இப்படி மூடி மூடிச் செய்யச் சொல்வார்களா? வீட்டுக்காரரிடம் சொல்லாதே, அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்லாதே என்றால், அவர்கள் காதில் விழுந்தால் ஏதோ உடைந்துபோகும் என்றுதானே அர்த்தம்?

அவள் அலகைக் கீறலிலிருந்து எடுத்தாள். மேலே பார்த்துக் கூப்பிட்டாள்.

"சடைவாலி! இருக்கியாடி?"

மேலே இலை சலசலத்தது. "மகராணிக்கு இப்பத்தான் வாய் வந்துச்சா?"

"உன்கிட்ட ஒண்ணு கேட்கணும். என்மேல காவல் யானைகிட்டப் புகார் கொடுத்தியா?"

"புகாரா? நானா? எதுக்கு, கொட்டை துப்புறதுக்கா?"

பொன்னலகி எல்லாவற்றையும் கொட்டினாள். வழக்கு, காவல் நாவல், கொம்பன் திண்ணன், பிள்ளையைக் கொடுக்கச் சொன்னது, ஒன்று விடாமல். முடித்ததும் சடைவாலி தலைகீழாக இறங்கி வந்து கீறல் பக்கம் மூச்சிரைத்தாள்.

"அக்கா, யானையா? எந்த யானை? உன் வாசலுக்குப் பக்கத்துக் கிளையில ஒரு கரிச்சான் குருவி உட்கார்ந்துகிட்டு ரெண்டு நாளா விதவிதமாக் கத்துது. யானை மாதிரி, மான் மாதிரி, குரங்கு மாதிரி. வால்ல ரெண்டு துடுப்பு இருக்குமே, அது. ஊர்க் குரலையெல்லாம் அப்படியே பேசுமே! உனக்குப் பொழுதுபோகத்தான் கூத்துக் காட்டுதுன்னு நான் நினைச்சேன். என்கூடப் பேசாம அதுகூட மட்டும் பேசுறியேன்னுதான் எனக்குக் கோபம்."

பொன்னலகி பிள்ளையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள். "கரிச்சானா? அதுக்கு எதுக்குடி என் பிள்ளை?"

சடைவாலி கீழே பார்த்தாள். அவள் குரல் மாறிவிட்டது. "அக்கா, மரத்துல யாரோ ஏறுறாங்க. மஞ்சக் கழுத்து மரநாய்."

முட்டையும் குஞ்சும் தின்று வாழ்கிறவன் அந்த மரநாய். கரிச்சானுக்குக் குரல் உண்டு; அவனுக்கு நகம் உண்டு. இரண்டு பேரும் சேர்ந்து நடத்திய தொழில் இது.

பொன்னலகி சுவரைப் பார்த்தாள். அவளே கொத்திய ஓட்டை. ஒரு கை தாராளமாக நுழையும். உதிர்ந்து கிடந்த மண் சில்லுகளை அள்ளினாள். பழச்சக்கையைக் குழைத்தாள். அலகால் அப்பினாள். ஈர மண் எப்போது காய்வது? பாதிகூட அடைக்கவில்லை. வெளிச்சம் மறைந்தது. ஓட்டை நிறைய ஒரு கறுத்த முகம்.

"கொம்பன் திண்ணன் அனுப்பினாரு. பிள்ளையை எடு" என்றான் மரநாய்.

"யானை எதுக்கு மரநாயை அனுப்புது?"

"அதிகம் பேசாதே. உன் புருஷன் உயிரோட வேணுமா வேண்டாமா?"

"அவரை நானே கேட்டுக்குறேன்" என்றாள் பொன்னலகி.

மரநாய் ஓட்டைக்குள் கையை விட்டான். நகம் பிள்ளையின் முதுகை நோக்கி வந்தது. பொன்னலகிக்குப் பறக்க இறகு இல்லை. ஓட இடம் இல்லை. அலகு மட்டும் இருந்தது. அத்திப்பழத்தை நோகாமல் வாங்கித் தின்ற அந்த அலகால் கையைக் கவ்வினாள். விடவில்லை. அவன் கத்தினான். இழுத்தான். அவள் தலை சுவரில் மோதியது. அப்போதும் விடவில்லை.

சடைவாலி சும்மா இருக்கவில்லை. மேல் கிளையில் காய்த்துத் தொங்கிய முள் அயினிக்காயைப் பல்லால் நறுக்கி அவன் தலைமேல் போட்டாள். ஒன்று தவறியது. இரண்டாவது நடுமண்டையில் விழுந்தது. அவள் போட்ட கூச்சலில் காடு முழுக்க எழுந்துகொண்டது.

தூரத்தில் மழை நகர்ந்து வரும் சத்தம் கேட்டது. குன்றன்! தொண்டை நிறையப் பழம். கத்தக்கூட முடியவில்லை. அப்படியே வந்து மரநாய்மேல் மோதினான். பழமெல்லாம் நாலாபக்கமும் சிதறியது. மரநாய் கையை உருவிக்கொண்டு, கிளைக்குக் கிளை முட்டி மோதி விழுந்து ஓடினான். பக்கத்துக் கிளையிலிருந்த கரிச்சானும் பறந்தது. பதற்றத்தில் தன் குரலை மறந்து, யானைக் குரலிலேயே பிளிறிக்கொண்டு போயிற்று.

குன்றன் கீறலில் முகத்தை வைத்தான். மூச்சு வாங்கியது. "பொன்னு, எனக்கு ஒண்ணும் புரியலை. ஆனா நீ என்மேல கோவமா இல்லையே?"

அவள் பிள்ளையை நகர்த்தி வெளிச்சத்தில் காட்டினாள். பிறகு அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, பழம் தேடப் போகாமல், நேராக யானைகள் இருக்கும் நீர்க்குட்டைக்குப் பறந்தான்.

சாயங்காலம் மரம் லேசாக அதிர்ந்தது. யானைக் கூட்டத்தின் தலைவி மாதங்கி தன் கூட்டத்தோடு அங்கே வந்து நின்றாள். துதிக்கையால் மரத்தடியைத் துழாவினாள். முளைத்திருந்த செடிகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள்.

"தாயி," என்று கூப்பிட்டாள். "இங்கே அத்திக்கன்னு இருக்கு. சாதிக்காய்க் கன்னு இருக்கு. காவல் நாவல்னு ஒரு மரமே இந்தக் காட்டுல கிடையாது. எங்க கூட்டத்துல கொம்பன் திண்ணன்னும் யாரும் கிடையாது."

"நான் ஏமாந்துட்டேம்மா," என்றாள் பொன்னலகி.

"பயமுறுத்தினா யாரும் ஏமாறுவாங்க. ஒண்ணு தெரிஞ்சுக்கோ. எங்களுக்கு ஒருத்தரை விசாரிக்கணும்னா நேரா வந்து நிப்போம். நாலு பேர் பார்க்கத்தான் கேட்போம். மறைவா உட்கார்ந்து குரல் கொடுத்துச் சிறை வைக்க மாட்டோம். வழக்கை முடிக்க உன் பிள்ளையையோ பொருளையோ கொடுன்னு கேட்கவும் மாட்டோம்."

குன்றன், அந்த மரநாயைப் பிடித்துவிடுவீர்களா என்று கேட்டான். மாதங்கி பெருமூச்சு விட்டாள். தேடுவோம் என்றாள். ஆனால் அவன் மரத்துக்கு மரம் தாவுகிறவன். அந்தக் கரிச்சானுக்கோ நூறு குரல். பிடிபடும் வரை இன்னும் எத்தனை பொந்துகளில் போய்ப் பேசுமோ தெரியாது என்றாள். பொன்னலகியால் ஓர் உதவி ஆக வேண்டும் என்றும் கேட்டாள். இந்தச் சரிவெங்கும் அவளைப்போல அடைபட்டு இருக்கிற தாய்ப்பறவைகளுக்கு நடந்ததை அவளே சொல்ல வேண்டும்.

பொன்னலகிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் வாசலைத் தானே உடைத்தவள் என்று ஊரே பேசாதா? ஓட்டையில் பூசிய மண்ணைச் சரிசெய்வதுபோல் தலையைத் திருப்பிக்கொண்டாள். யானைகள் வற்புறுத்தாமல் போய்விட்டன.

மறுநாள் காலை மேகம் பள்ளத்தாக்கை நிரப்பியிருந்தது. மரங்களின் உச்சிகள் மட்டும் தீவுகளாக நின்றன. பொன்னலகி பிள்ளைக்கு ஊட்டிவிட்டு வழக்கம்போல் கண்ணை மூடினாள். ஆண்டவனுக்கு நன்றி சொல்லத் தொடங்கியவளால் முடிக்க முடியவில்லை. வேறு ஏதோ ஒரு பொந்தில், வேறு ஒருத்தி, இதே நேரத்தில் அலகை வாசலில் வைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தால்?

அவள் கீறலில் அலகை வைத்தாள். இந்தத் தடவை யாரும் சொல்லி வைக்கவில்லை. தன்னால் முடிந்த மட்டும் உரக்க, ஒன்றையும் மறைக்காமல், கொட்டை துப்பியதிலிருந்து சுவரைக் கொத்தியது வரை சொன்னாள். அவள் குரல் மேகத்துக்குள் போய்க் கரைந்தது. யாரும் சிரிக்கவில்லை.

வெகுநேரம் கழித்து, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மிக மெல்லிசாக ஒரு குரல் வந்தது.

"அக்கா, எனக்கும் அந்தக் குரல் வந்துச்சு. ஆறு நாள் முன்னாடி. நான் முட்டையைக் கொடுத்துட்டேன்."

வாசலுக்கு வெளியே கிளையில் இருந்த குன்றன் குரல் வந்த பக்கம் திரும்பினான். மேலே சடைவாலி வாயில் இருந்த காயைக் கீழே போட்டுவிட்டாள்.

"உன் பேர் என்ன கண்ணு?" என்று கேட்டாள் பொன்னலகி.

"செவ்வந்தி."

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"சொல்லலை அக்கா. திருப்பித் தரேன்னு சொன்னாங்களேன்னு காத்துக்கிட்டே இருந்தேன். எப்படிச் சொல்றது? முட்டை பொரிஞ்சிருச்சுன்னு நினைச்சு அவரு தினமும் ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பழம் கொண்டு வராரு. இது உனக்கு, இது பிள்ளைக்குன்னு பிரிச்சுப் பிரிச்சு வைக்கிறாரு."

பொன்னலகியின் சிறகுக்கடியில் குஞ்சு வாயைத் திறந்தது. ஒரு கையளவு மேகம் கீறல் வழியாக உள்ளே வந்து போயிற்று.

"இன்னைக்கு அவரு வந்ததும் சொல்லிரு செவ்வந்தி," என்றாள் அவள். "சொல்ற வரைக்கும் நான் உன்கூடப் பேசிக்கிட்டே இருக்கேன்."

அப்படியே பேசிக்கொண்டிருந்தாள். மேகம் கலைந்து, வெயில் ஏறி, பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்தில் ஒரு சிறகோசை வந்து இறங்கும் வரை பேசினாள். பிறகு அங்கிருந்து ஓர் அழுகை கேட்டது. கொஞ்ச நேரத்தில் அது இரண்டு பேர் அழுகிற சத்தமாயிற்று.

முகம் காட்டாமல் காவலின் பெயரைச் சொல்லி, பயத்தைக் காட்டி, யாரிடமும் சொல்லாதே என்று கட்டளையிடுகிற குரல் எதுவாக இருந்தாலும் அது காவலின் குரல் அல்ல. அதைக் கேட்ட அந்த நொடியே பேச்சை அறுத்துவிட்டு, நமக்கு வேண்டியவர்களிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.